மூன்று பட்டியல், ஒரே வரிசை

தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கண்டிக்கு வந்த சத்தியபாமாவுக்கு, கணினி படித்தவள் என்பதால் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அங்கே இரத்த வங்கி, சத்திரசிகிச்சைக் கூடம், பிரசவ வார்ட் என மூன்று இடங்களில் மூன்று கணினிகள். மூன்றிலும் ஒரே இரத்தக் கையிருப்புப் பட்டியல். ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டும் வேலையைத் தொடரும்.

ஆனால் அவளுக்கு முன் இருந்தவர், அவசரக் கோரிக்கைகளை ஒவ்வொரு கணினியும் தன்பாட்டில் முன்னுக்கு இழுக்கும்படி மாற்றிவிட்டுப் போயிருந்தார். ஒன்றுக்கு முதலில் எட்டிய அவசரம் மற்றதற்குப் பிந்தியே எட்டும். அதனால் ஒரே இரத்தப் பையை இரண்டு கணினிகளும் ஆளுக்கொரு நோயாளிக்கு எழுதிவைத்தன.

"இந்தப் பெட்டிகள நம்பி ஆள் மௌத்தாப் போகவா? நான் கொப்பியிலயே எழுதிக்கொள்றேன்," என்றார் இரத்த வங்கிப் பொறுப்பாளர் டொக்டர் ஸக்கியா.

"ஒரு மாதம் தாங்கோ, டொக்டர். சரிவராட்டி நானே கழட்டிக் குடுக்கிறன்."

ஒரு மாதமும் அவளுக்கு அதே யோசனைதான். அவசரம் எது என்று பார்க்க வேண்டியது கோரிக்கைக்கு வரிசை இலக்கம் கொடுப்பதற்கு முன்னால். கொடுத்த பிறகு யாரும் வரிசையைக் குலைக்கக்கூடாது. ஆகவே ஒரு கணினி தலைமை தாங்கி இலக்கம் போடும். இன்னொன்றாவது அதைப் பதிந்துகொண்டால்தான் பை ஒதுக்கப்படும். தலைமை விழுந்தால் அடுத்தது அதே இலக்கத்திலிருந்து தொடரும். நெடுநேரம் காத்திருக்கும் சாதாரணக் கோரிக்கையும் மெல்ல மெல்ல அவசரமாக உயரும். இல்லாவிட்டால் அதற்கு முறை வராமலே போய்விடும். மாதம் முடியுமுன் மூன்று கணினிகளிலும் இதை ஏற்றிவிட்டாள்.

தொண்ணூற்றெட்டில் நகரில் குண்டு வெடித்த பிறகு, ஒரு காலை வீதித் தடையிலிருந்த சென்றியில் படையினர் அவளுடைய கைப்பையைக் கிளறினார்கள். அதிலிருந்த கணினி வட்டு நிறைய என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரி வேலை என்று சொல்லியும், யாழ்ப்பாண அடையாள அட்டையைப் பார்த்துப் பொலிசில் உட்காரவைத்துவிட்டார்கள்.

அதே நேரத்தில் ஆஸ்பத்திரியில் மின்சாரம் போனது. தலைமை தாங்கிய இரத்த வங்கிக் கணினியின் பற்றறியும் கைவிட்டது. ஓ நெகட்டிவ் ஒரே ஒரு பை இருந்தது. மறுநாள் அறுவைக்கென அதை ஒருவருக்குக் கேட்டிருந்தார்கள். அதற்கு இன்னும் இலக்கம் விழவில்லை. பிள்ளை பெற்றபின் இரத்தம் நிற்காமல் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட றோஸுக்கும் அதே இரத்தம்தான் வேண்டும்.

பிற்பகல் மூன்று மணிக்கு விடுதலையான சத்தியபாமா மூச்சிரைக்க ஆஸ்பத்திரி மேட்டில் ஏறி வந்தாள்.

"என்ன நடந்தது, டொக்டர்?"

"ஒண்டும் நடக்கல்ல. ரெண்டாவது கொம்பியூட்டர் பொறுப்பெடுத்திச்சு. பை நேரா றோஸுக்குப் போச்சு. தாயும் புள்ளையும் சுகம்." ஸக்கியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க இல்லாமலே நடந்திச்சு, சத்தியா."

அந்தச் சொல்லுக்குத்தான் அவள் தலை நிமிர்ந்தது. மின்சாரம் வந்ததும் விழுந்த கணினியை எழுப்பி, விட்டுப்போன வரிகளை மற்ற இரண்டிலிருந்தும் படிக்கவிட்டாள். பிறகு மூன்று பட்டியலையும் அச்சிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எழுத்தின்மேல் எழுத்தாக, ஒரு புள்ளிகூடப் பிசகாமல் மூன்று தாளும் ஒரே தாளாகத் தெரிந்தன.