சந்திரமதியின் கழுத்து

நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளுவதற்குச் சந்திரமதிக்குக் கண் தேவையில்லை. தலை ஒரு தட்டில், உடம்பு ஒரு கிண்ணத்தில் என்று கை அது பாட்டுக்குப் பிரித்துக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுக் கவிப்ரியா வந்து கம்பிக்கதவுக்கு வெளியே நின்றாள்.

“ஆன்ட்டி, பன்னெண்டு மணிக்குப் படையல். ஒரு சர்ப்ரைஸ் இருக்கு, வந்துடுங்க.”

கவிப்ரியாவின் மாமியார் தனத்துக்கு அன்று தலைத்திவசம். சந்திரமதி கருவாட்டை மூடி வைத்துவிட்டுத் தலைக்குக் குளிக்கப் போனாள்.

தனம் இறந்தபோது தனியாக ஒரு நல்ல படம் கிடையாது. அடையாள அட்டைப் படம்தான் இருந்தது. அந்த முகத்துக்கு வேறோர் உடம்பை ஒட்டிக் கொடுத்தவர் சந்திரமதியின் கணவர் வேலாயுதம். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு சந்துக்குள் ஸ்டூடியோ வைத்திருந்த நாளிலிருந்து அவருக்கு இதுவும் ஒரு பிழைப்பு. ஆண்களுக்குக் கோட்டு போட்ட ஓர் உடம்பு. பெண்களுக்கு மயில்கழுத்துப் பட்டு உடுத்திய ஓர் உடம்பு. அந்தப் பட்டும் சந்திரமதியுடையது, உடம்பும் அவளுடையது. கல்யாணமான புதிதில், மழை அடித்து ஊற்றி ஆளே வராத ஒரு மதியத்தில், “சும்மா நில்லு” என்று நிறுத்தி எடுத்தார். அப்போது கத்தரியும் பசையும், பிறகு கணினி. தலைகள் வந்து வந்து போயின. கழுத்து மட்டும் மாறவே இல்லை.

அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. “சிங்கப்பூர்ல பாதி வீட்டுல மாலை என் கழுத்துலதான் தொங்குது” என்று தங்கையிடம் சொல்லிச் சிரிப்பாள். துக்கம் கேட்கப் போகிற வீட்டில் படத்தின் தோளை முதலில் பார்ப்பாள், முகத்தை அப்புறம். படம்தானே, அது பாட்டுக்குச் சும்மா இருக்கும்.

கைபேசி வந்து ஸ்டூடியோவை மூட வைத்தது. வேலாயுதம் புலம்பிக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை. ஆங் மோ கியோ வீட்டிலேயே ஓர் அறையில் கணினியைப் போட்டு, இறந்தவர்களின் படத்தை அசைய வைத்துத் தருகிற புது வேலையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டூடியோவைவிட நன்றாகவே ஓடியது. என்ன வேலை என்று கேட்டால் “வீடியோதான்” என்பார். அவளும் எட்டிப் பார்த்ததில்லை.

கீழ்வீட்டில் படத்துக்குப் பதிலாகப் பூமாலையை டிவிக்குப் போட்டிருந்தார்கள். கற்பூரம் காட்டி முடிந்ததும் கவிப்ரியா ரிமோட்டை அழுத்தினாள்.

தனம் கண் சிமிட்டினாள்.

கூடத்தில் யாரோ “ஐயோ” என்றார்கள். தனம் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். பிறகு திரையின் அடியிலிருந்து, படத்தில் இல்லாத ஒரு கை மேலே எழும்பி வந்தது. முந்தானையை இழுத்துத் தோளில் விட்டது. கட்டைவிரலால் வளையலை முழங்கைப் பக்கம் தள்ளியது.

சந்திரமதி குனிந்து பார்த்தாள். அவளுடைய கட்டைவிரலும் அந்த நேரத்தில் வளையலில்தான் இருந்தது.

“பாத்தியா தங்கச்சி!” என்றார் தனத்தின் கணவர் கோவிந்தராசு. அழுகையும் சிரிப்புமாக இருந்தார். “வளையலைத் தள்ளுறா பாரு. அச்சு அசல் அவ பழக்கம்!”

தனம் வளையல் போட்டதே இல்லை. பள்ளிக்கூடக் கேண்டீனில் அடுப்படி வேலை. கையில் ஒரு வாட்ச், அவ்வளவுதான்.

“தனம் அக்கா வளையல் போட்டு நான் பாத்ததில்லையேண்ணே.”

“நல்லா சொன்ன போ! கூடக் குடும்பம் நடத்துனவன் நானா, நீயா?”

“அத்தை அப்படித்தான் லா, ஆன்ட்டி” என்று கவிப்ரியாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சந்திரமதி பாயசத்தை வாங்கிய கையோடு வைத்துவிட்டு மாடியேறி வந்தாள். நேரே வேலாயுதத்தின் அறைக்குள் போனாள்.

“தனத்துக்கு அந்தக் கை எங்கேருந்துங்க வந்துச்சு?”

“கம்ப்யூட்டர் அதுவா போட்டுக்கும். நாலு மாதிரி அசைச்சுக் காட்டும். நான் ஒண்ணை எடுப்பேன்.” அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எதைப் பாத்து எடுப்பீங்க?”

“எது நெசமான பொம்பள மாதிரி இருக்கோ, அதை.”

திரையில் உட்லண்ட்ஸ் பக்கத்திலிருந்து வந்த யாரோ ஓர் அம்மாள். நான்கு கட்டங்களிலும் அவள்தான். நான்கிலும் முந்தானை தோளுக்கு ஏறியது. நான்கிலும் கட்டைவிரல் வளையலுக்குப் போனது.

“இப்பல்லாம் நாலுமே இப்படித்தான் வருது” என்றார் வேலாயுதம். “நான் எடுத்து எடுத்து அதுக்குப் பழகிப்போச்சு.”

“என்னை அதுலேருந்து எடுத்துடுங்க.”

“ரசத்துல கரைஞ்ச உப்பு சந்திரா. எங்கேன்னு எடுக்கிறது?”

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் தலையைச் சாய்த்தபோது வேலாயுதத்தின் முகமும் கொஞ்சம் இளகியது. சந்தையிலிருந்து தான் வீடு திரும்பும்போது கதவைத் திறக்கிற முகம் அது என்று அவளுக்குத் தெரியும்.

“சரி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் போனதுக்கப்புறம் என்னை இப்படி அசைய வைக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

“இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?”

“இப்பவேதான் வேணும். சொல்லுங்க.”

அவர் வாயைத் திறந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், மூடிக்கொண்டார். நான்கு பெண்களும் ஒருமுறை சிரித்து முடித்து, முதலிலிருந்து கண் சிமிட்டத் தொடங்கினார்கள். அதை நிறுத்தவும் அவர் கை போகவில்லை.

 சந்திரமதி எழுந்து, மூடி வைத்த கருவாட்டைக் கிள்ள வெளியே போனாள்.