இரண்டு கண்ணிலும் கட்டு

கல்லூரிக்கு வந்த பிறகுதான் ஹாக்கி மட்டையைக் கையில் தொட்டேன். பசுவந்தனைப் பக்கத்தில் பருத்தி வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டுப் பையன் நான். சின்ன வயதிலிருந்தே ஹாக்கி ஆடிய கோவில்பட்டிப் பையன்களின் ஓட்டத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாததால், கோல்கீப்பராக நிறுத்திவிட்டார்கள். காலுக்குத் தடித்த பேடு உண்டு. முகத்துக்கு ஒன்றும் கிடையாது. எதிரணி கோலை நோக்கி ஓங்கி அடிக்கும் பெனால்டி கார்னருக்கு விசில் ஊதினாலே என் கை முகத்தை மறைக்கப் போகும். ஆனாலும் அந்த ஆட்டத்தை விட மனம் வரவில்லை.

மூன்றாம் வருடம், பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தபோது, மாலைப் பயிற்சியில் பந்து ஒரு சரளைக்கல்லில் பட்டு எழும்பி என் வலது கண்ணில் அடித்தது. வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது இருட்டு.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். "உள்ள ரத்தம் கட்டியிருக்கு. ஆடாம அசையாமப் படுத்திருக்கணும். இருமக்கூட யோசிச்சுத்தான் இருமணும்."

"பார்வை வந்துருமா டாக்டர்?"

"இப்பக் கட்டுப் போடுறேன். அதைப் பிரிச்சுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்."

நல்ல கண் அசைந்தால் அடிபட்டதும் அசையுமாம். அதனால் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அப்படிப் படுத்திருந்த நாட்களில் நான் பயப்படாத நேரமே இல்லை. இடது கண்ணும் போய்விட்டதோ என்று கட்டுக்குள்ளேயே இமையைத் திறக்கப் பார்ப்பேன். உடனே, அசைத்துவிட்டோமே, ரத்தம் கசிந்திருக்குமோ என்று உடம்பு வேர்க்கும். பக்கத்துக் கட்டில்காரர் தும்மினால்கூட என் கழுத்து விறைத்துக்கொள்ளும்.

என் அறைத்தோழன் புதியம்புத்தூர்க்காரன், வரலாறு படித்தான். தினமும் வகுப்பு முடிந்து வந்து என் வேதியியல் புத்தகத்தை எனக்கு வாசித்துக் காட்டினான். பாதிச் சொற்கள் அவன் வாயில் நுழையவில்லை.

"ஏலே, இங்கன ஒரு படம் போட்டிருக்கு. இத எப்படி வாசிக்க?"

"எத்தனை மூலை?"

"ஆறு. மேல் மூலையிலேருந்து ஒரு கோடு போகுது. கைய நீட்டு."

என் உள்ளங்கையில் விரலால் வரைந்தான். அந்த நேரம் மட்டும் மனது கொஞ்சம் அடங்கும். அவன் போனதும், படித்ததை எழுதக் கண் வேண்டுமே என்ற நினைப்பு வந்துவிடும்.

பருத்தி எடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, என்னைப் பெற்ற அய்யா ஊரிலிருந்து வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காலைத் தொட்டார்.

"வலிக்காப்பா?"

"இல்லைய்யா."

நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து, நர்ஸிடம் தணிந்த குரலில் கேட்டார்: "ஒத்தக் கண்ணு இருந்தா படிப்புக்குப் போதுமாம்மா?"

ராத்திரியில் பாம்பு கிடக்கும் பருத்திக் காட்டுக்குத் தனியாகக் காவலுக்குப் போகிறவர் அவர். அந்தக் குரல் நடுங்கியதைக் கேட்டபோதுதான் நான் மிகவும் பயந்துபோனேன்.

கட்டைப் பிரித்த அன்று டாக்டரம்மா என் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, "என்ன தெரியுது?" என்றார்.

வெறும் வெளிச்சம்தான். புகைக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு நிழல் அசைந்தது.

"கை, டாக்டர்."

"அப்ப வந்துரும். மெதுவா வரும். இனி அந்த கிரவுண்டுப் பக்கம் போகாத."

டாக்டரம்மா கையை எடுத்ததும், அய்யா சுவரோரம் போய்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை என் நல்ல கண் பார்த்தது.

செய்முறைத் தேர்வில் எனக்கு, பெர்மாங்கனேட் கரைசலைக் கண்ணாடிக் குழாயிலிருந்து துளித்துளியாக விட்டு அளக்கும் சோதனை வந்தது. வெளிர் ரோஜா நிறம் தோன்றிய துளியிலேயே குழாயை அடைக்க வேண்டும். ஒவ்வொரு துளிக்கும் ஒரு கண்ணை மூடுவேன், பிறகு மற்றதை மூடுவேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னப்பா, கண்ணடிக்கிற?"

"அடிபட்ட கண்ணு சார். நிறம் தெரியுதான்னு பார்க்கேன்."

"தெரியுதா?"

வலது கண்ணில் சற்று மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் அது ரோஜா நிறம்தான்.

"தெரியுது சார்," என்று சொல்லிக் குழாயை அடைத்தேன்.