வறுவல் நிறுத்திய வீடு

தட்டை டிவி அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்தது. ராயபுரத்தில் ஒரு கடை வாசலில் நின்று கிரிக்கெட் பார்த்தால், பந்துக்குப் பின்னால் ஒரு வால் இழுபடும். திரைக்குள் இருக்கும் திரவப் படிகம் மின்சாரம் பட்டதும் திரும்பிவிடும். மின்சாரம் நின்றபின் பழையபடி திரும்பத்தான் சோம்பல். அந்தச் சோம்பலை முறிப்பதுதான் என் ஆராய்ச்சி. கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களைத் துளியூண்டு கலந்தால் வேகம் கூடும் என்று நம்பினோம்.

அம்மா அப்பா இல்லாத என்னைப் படிக்க வைத்தது விசைப்படகில் வேலை பார்த்த அண்ணனும் அண்ணியும். அண்ணியிடம் இதை விளக்கியபோது சிரித்துவிட்டார். "சுத்தமா கீறதுல நீயே கலீஜைக் கொட்டி ஓட வுடுறியா? இதுக்கு ஒரு படிப்பா?"

"இது நல்ல கலீஜு அண்ணி."

அந்த நல்ல கலீஜு என்னைப் படாதபாடு படுத்தியது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே கலவையை நிரப்பி நுண்ணோக்கியில் வைத்தால், கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன என்று நினைத்து அளவைக் குறைத்தேன். இன்னும் நன்றாகக் கலக்கினேன். புள்ளி போகவில்லை. உதவித்தொகை முடியப் போகிற நேரம். "அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் வேறு தலைப்பு பாரும்மா" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். வேறு தலைப்பு என்றால் எல்லாம் முதலிலிருந்து. அண்ணன் தலையில் இன்னும் சில வருஷம் நான்.

கடுப்பில் ஒருநாள் துகளே கலக்காமல் நிரப்பிப் பார்த்தேன். அதிலும் புள்ளி! கூடப் படித்தவர்களின் தகடுகள் பளிச்சென்று இருந்தன. சந்தேகத்தில், போட்டிருந்த வெள்ளைக் கோட்டை ஒரு கண்ணாடிமேல் உதறி நுண்ணோக்கியில் பார்த்தேன். நிலக்கரித் தூள்.

துறைமுகத்தில் குவித்து வைத்திருக்கும் நிலக்கரியிலிருந்து எங்கள் தெருவுக்குக் கரித்தூள் காற்றோடு வரும். தட்டைக் கவிழ்த்து வைப்போம், சோறு போடும்முன் ஒரு துடை துடைப்போம். பழகிப்போய் அதை அழுக்கு என்றே நாங்கள் நினைப்பதில்லை. என் கோட்டைத் துவைத்து மாடியில்தான் காயப்போடுவோம்.

வீட்டுக்கு வந்து, பிறந்த இடத்தையே திட்டி அழுதேன். அண்ணி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வூட்டைத் திட்டாதமே. கோட்டைக் குடு" என்றார்.

அன்று முதல் கோட்டு, ஜன்னல் சாத்திய எங்கள் ஒற்றை அறைக்குள்ளேயே காய்ந்தது. காய்ந்ததும் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சு. அடுப்பும் அதே அறையில்தான். மீன் வறுத்தால் எண்ணெய்ப் புகை துணியில் ஏறும் என்று நான் சொல்லவே இல்லை. அண்ணியாகவே வறுவலை நிறுத்திவிட்டார். அண்ணனுக்கோ வறுவல் இல்லாமல் சோறு இறங்காது.

"இன்னாமே, நான் புட்ச்சினு வந்த மீனு, எனக்கே வறுத்துத் தர மாட்டியா?"

"உன் தங்கச்சி கோட்டு காயுது. கொழம்பை ஊத்திக்கினு துண்ணு."

அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தின்றார். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

அந்த மாதம் முடிவதற்குள், துகள் கலந்த தகடு புள்ளியே இல்லாமல் வந்தது. மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தினேன். படிகம் திரும்பும் வேகத்தை அளக்கும் கருவியின் திரையில் கோடு சடக்கென்று இறங்கியது. துகள் இல்லாத தகட்டில் அது ஆடி அசைந்துதான் இறங்கும். பேராசிரியர் மறுபடி மறுபடி போட்டுக் காட்டச் சொன்னார். அப்புறம் வேறு தலைப்பு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

இன்று எந்தத் திரையில் பந்து வாலில்லாமல் போனாலும் எனக்கு அவர்கள் ஞாபகம்தான். அவர்கள் விட்டுக்கொடுத்ததில் வளர்ந்தவள் நான்; அந்த நன்றியைச் சொல்லி முடியாது.

தகடு சரியாக வந்த அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் கையிலிருந்த வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டினார். "அப்ப இன்னிக்கு வறுக்கலாம்ல?"

அண்ணி என்னைப் பார்த்தார். "நாளைக்குக் கோட்டு வேணுமா?"

"வேணும் அண்ணி. இனிமேதான் வேலையே கீது."

அண்ணி சிரித்துக்கொண்டே புளியை எடுத்து ஊறப்போட்டார்.