கூட்டுப் பட்டாவில் சில ஆங்கிலச் சொற்கள்

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் மகனுடைய பனியன் கம்பெனி, மேல்தளத்தில் குடித்தனம். ஊரில் பாதி வீடுகள் இப்படித்தான். காலை எட்டரைக்குத் தையல் மெஷின்கள் ஓடத் தொடங்கியதும் மேலே என் காபி டம்ளருக்குள் சின்னச் சின்ன அலை எழும். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அந்த அதிர்வு பிடிக்கும். யாரோ வேலை செய்கிறார்கள் என்பது தெரிகிறது. அது நான் இல்லை என்பதும் தெரிகிறது.

சென்ற வருடம் மருமகளுக்கு ஒரு யோகம் வந்தது. கல்யாணத்துக்கு முன் உடுமலைப்பேட்டையில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் வரலாறு நடத்தியவள் அவள். பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் திரும்ப வகுப்பறைக்குப் போக வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தாள். அவிநாசி போகும் வழியில் உள்ள ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆள் தேவைப்பட்டது. கணக்கு, சமூக அறிவியல் இரண்டையும் ஒருவரே ஆங்கிலத்தில் நடத்த வேண்டும். திங்கட்கிழமை மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள்.

அது சரிப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கம்பெனி ஆபீஸ் அறையில் கணக்கு எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அந்த நாற்காலி காலி. "வேலை கெடைக்கலைன்னா வருத்தப்படாத, கீழயே ஒரு சீட்டு இருக்குது" என்று மகன் அன்பாகத்தான் சொன்னான். அவளோ அந்த நாற்காலியைப் பல் மருத்துவரின் நாற்காலியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு மாடியேறினாள்.

வியாழக்கிழமை இரண்டு பாடப் புத்தகங்களோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தனுங்க. கணக்குலயும் பவர், வரலாத்துலயும் பவர். அங்கயும் ரெவல்யூஷன், இங்கயும் ரெவல்யூஷன். ரூலர்னா அங்க அடிக்கோலு, இங்க அரசனுங்க. ஒரு பீரியட்ல ஒண்ணு சொல்லிப்போட்டு அடுத்த பீரியட்ல அதே வார்த்தைக்கு வேற சொன்னா, பசங்க என்னைய என்னன்னு நெனைப்பாங்க?"

"அரசு ஊழியர்னு நெனைப்பாங்க" என்றேன்.

சிரித்தாள். ஆனால் அவள் கவலை நியாயமானது. தமிழில் படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எண்ணை எண்ணால் திரும்பத் திரும்பப் பெருக்கினால் அடுக்கு. அரசனிடம் இருந்தால் அதிகாரம். சக்கரம் ஒருமுறை சுற்றினால் சுற்று. மக்கள் சேர்ந்து அரசனைச் சுற்றவிட்டால் புரட்சி. ஒன்றாலும் தன்னாலும் மட்டும் வகுபடுவது பகா எண். நாட்டை ஆள்பவர் பிரதமர். ஆங்கிலத்தில் இருவருமே பிரைம், சொந்தக்காரர்கள் என்று யாரும் நமக்குச் சொன்னதில்லை. தமிழில் ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பட்டா. ஆங்கிலத்திலோ அத்தனையும் கூட்டுப் பட்டா. எல்லைக் கல் எங்கே என்று ஆசிரியர்தான் நடந்துபோய்க் காட்ட வேண்டும்.

எங்கள் ஊர் இதற்கும் ஒரு படி மேல். கவுண்ட் என்றால் கணக்கில் எண்ணுவது; ஐரோப்பிய வரலாற்றில் ஒரு பிரபு; நூல் கடையில் நூலின் பருமன். அதிலும் கவுண்ட் ஏற ஏற நூல் மெலியும். எண் பெரிதாகப் பெரிதாகச் சரக்கு குறைவதை இதற்கு முன் என் அலுவலகக் கோப்புகளில்தான் பார்த்திருக்கிறேன்.

உதவி என்று கேட்டால் முறைப்படி செய்வது என் வழக்கம். அன்றிரவே உட்கார்ந்து வகுப்புக்கு ஒரு முன்னுரை எழுதினேன். சொல் என்பது யாது, அதன் பொருள் எல்லை எதுவரை, விதிவிலக்குகள் எவை, ஐயம் எழும்போது யாரைக் கேட்க வேண்டும் என்று வரிசையாக. அரசாணை அளவுக்கு ஓட்டை இல்லாத முன்னுரை. மருமகள் வாசித்துவிட்டு, "ரொம்ப விவரமா இருக்குதுங்க மாமா" என்றாள். எங்கள் ஊர்ப்பக்கம் மரியாதைக்கு அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் சாப்பிடும்போது மகன் கேட்டான்: "சாம்பிள் எப்பப் போடறே?"

"என்ன சாம்பிளுங்க?"

"ஒரு சாதா டீ-சர்ட்டுக்கே சாம்பிள் போட்டு, சரக்கு வாங்கற பையர் பார்த்து, கமெண்ட்ஸ் குடுத்து, அப்ரூவல் வந்தப்புறம்தான் மொத்தமா பல்க் ஓட்டறோம். நீ நேராப் போயி நிக்கறேங்கறயே?"

நாற்காலிக்கு ஆள் தேடுபவன் அவன்தான். ஆனாலும் சாம்பிள் இல்லாமல் ஒரு சரக்கு வெளியே போவதற்கு அவன் மனம் ஒப்பவில்லை.

சனிக்கிழமை மாலை டீ நேரத்தில் கம்பெனி கட்டிங் டேபிளைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். துணி வெட்டும் முன் விரிக்கும் பெரிய தாளில் பாடத்தை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். முதலில் என் முன்னுரை, பிறகு அவளுடைய கணக்கு, கடைசியில் வரலாறு. செக்கிங் பெண்கள் முன்வரிசை. துணியில் ஓட்டையோ அழுக்கோ கண்டால் அந்த இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவர்கள் வேலை. அவர்களில் மூத்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கையில் ஸ்டிக்கர் சுருளோடே கேட்டார்.

"யக்கா, வெளங்காத எடத்துல ஒட்டிரலாமா?"

"ஒட்டுங்க" என்றாள் மருமகள், சாம்பிள் என்றால் அதுதானே என்பதுபோல.

வகுப்பு தொடங்கியது. ஹிஸ்டாரிக்கல் ஃபிகர் என்று அவள் சொன்னதும் பின்வரிசையில் ஓவர்லாக் டெய்லர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

"ஃபிகருங்களா? போட்டோ இருக்குதுங்களா?"

"இருக்குது. தாடி வெச்ச ஃபிகரு" என்றாள். கம்பெனியே அதிர்ந்தது. அவளுக்கு வகுப்பு நடத்த வரும் என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது.

முடிந்ததும் செக்கிங் பெண்கள் எழுந்துபோய் ஒட்டினார்கள். ஒன்று, கோடு சாய்ந்திருந்த இடத்தில். அளவு பிசகினால் அவர்கள் கை சும்மா இருக்காது. ஒன்று, எழுத்து மங்கிய இடத்தில். மற்ற எல்லாம் என் முன்னுரையில். கொஞ்ச நேரத்தில் அதற்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. பீகாரில் இருந்து வந்த டெய்லர் ஒருவர் தன் தீர்ப்பைச் சொன்னார்: "தீதி, மேத்ஸ் அச்சா. ஹிஸ்டரியும் அச்சா. ஆனா ஃபர்ஸ்ட்வாலா..." டீ டம்ளரை எடுத்துக்கொண்டார்.

"ஐயா எழுதுனதா அது?" என்று திருநெல்வேலிக்காரர் என்னைத் தேற்றினார். "நல்லாத்தான் இருக்கு. பத்திரம் வாசிச்ச மாதிரி இருக்கு."

மாடிக்கு வந்ததும் மருமகள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"மாமா, தப்பா நெனைச்சுக்காதீங்க. மொதப் பகுதிக்குக் கமெண்ட்ஸ் நெறைய வந்திருக்குதுங்க."

"திருத்தித் தரட்டுமா?"

"இல்லீங்க மாமா." கொஞ்சம் யோசித்தாள். "ரிஜெக்ட்டுங்க."

என் குறிப்புகளைத் திருப்பி அனுப்பிய மேலதிகாரிகள் பலர். இத்தனை மரியாதையாக யாரும் அனுப்பியதில்லை.

திங்கட்கிழமை அவளை ஸ்கூட்டரில் அழைத்துப்போய் வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைசி வரிசையில் தலைமையாசிரியையும் தாளாளரும். தாளாளர் பள்ளியோடு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியும் நடத்துபவர். மருமகள் சொல் என்பது யாது என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. பையில் இருந்து பனியன் துணி ஒன்றை எடுத்து நான்கு பிள்ளைகளிடம் ஆளுக்கொரு முனையைக் கொடுத்தாள்.

ஒரு மடிப்பு மடித்தார்கள், இரண்டு அடுக்கு. இன்னொன்று, நான்கு. இன்னொன்று, எட்டு. இது கணக்கின் பவர் என்று பலகையில் எழுதினாள். பிறகு துணியை விரித்து, இது ஒரு நாடு என்றாள். ஒரு வியாபாரக் கம்பெனி வந்து கிடங்கு கட்ட ஒரே ஒரு மூலை கேட்கிறது. அந்த மூலையைப் பிடித்திருந்த பிள்ளை கையை விட்டது. அவள் மடித்தாள். அடுத்து ஒரு சண்டை, இன்னொரு கை. அடுத்து ஒரு ஒப்பந்தம், இன்னொரு கை. கடைசியில் துணி முழுதும் அவள் கையில். இது வரலாற்றின் பவர். என்ன வித்தியாசம் என்று கேட்டாள்.

ஒரு சிறுமி எழுந்தாள். "மிஸ், மேத்ஸ்ல யாரும் எதையும் விடலை. ஹிஸ்டரில நாங்க விட்டாத்தான் உங்களுக்குக் கெடைச்சுது."

ஜன்னலுக்கு வெளியே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை. முடித்த நிம்மதியில் மருமகள் கடைசி வரிசையைப் பார்த்து, கம்பெனியில் மகன் பையரிடம் பேசும் அதே ஆங்கிலத்தில், கமெண்ட்ஸ் இருந்தால் சொல்லுங்கள், திருத்தி மறுபடி சப்மிட் பண்ணுகிறேன் என்றாள். தலைமையாசிரியை முகத்தில் குழப்பம். ஆசிரியர் வேலைக்கு வந்தவர் யாரும் அங்கே அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

தாளாளர் யோசிக்கவே இல்லை. "அப்ரூவ்டு வித் கமெண்ட்ஸ்" என்றார். பிறகு எழுந்துபோய்த் துணியை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, சிங்கிள் ஜெர்சிய எதுக்குக் கொண்டாந்தீங்க? ஓரமெல்லாஞ் சுருளுது பாருங்க. இன்டர்லாக்கா இருந்தா நறுக்குனு மடிஞ்சிருக்கும்."

"அடுத்த தடவை இன்டர்லாக்குங்க சார்."

"அடுத்த திங்கக்கெழமை ஜாயின் பண்ணுங்க."

வீட்டில் அன்று பாயசம். மகன் பாத்திரத்தைத் துடைத்தெடுத்துச் சாப்பிட்டு முடித்தபின் என் பக்கம் திரும்பினான்.

"ஏனுங்கப்பா, நீங்க சும்மாதான இருக்கீங்க?"

அடுத்த திங்கட்கிழமை காலை மருமகள் பள்ளி வேனில் ஏறியபோது நானும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கீழே அந்தக் காலி நாற்காலிக்குப் புறப்பட்டேன். மனைவி சமையலறையில் இருந்து ஓடிவந்து டிபன் பாக்ஸை நீட்டினாள். பத்துப் பதினைந்து படி இறங்குவதற்கு இது எதற்கு என்றேன்.

"ஆபீஸ் போறவீங்களுக்குக் குடுத்தனுப்பித்தானுங்க எனக்குப் பழக்கம்" என்றாள்.