மெஷினுக்கு வைத்த பொட்டு

எங்கள் கம்பெனியைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வரி, தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். குளிர்நாடு ஒன்றில் சைக்கிளுக்கு டைனமோ செய்யும் பட்டறையாகத் தொடங்கினார்கள். பிறகு ரேடியோ, டிவி, போன், காதில் மாட்டும் கருவி. இப்போது பல தேசங்களில் செல்போன் கோபுரங்களில் தொங்கும் பெட்டிகள். அந்தப் பெட்டிகளில் கொஞ்சம் மறைமலைநகரில் நாங்கள் செய்வது.

செய்யூர் பக்கம் எங்கள் ஊரில் இந்தப் பெட்டிகளை யாரும் மதிப்பதில்லை. அவர்களுக்கு நான் போன் கம்பெனிக்காரி, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நான் பல் விளக்கும்போதே யாராவது உடைந்த போனோடு வந்து நிற்பார்கள். "உங்க கம்பெனி போன் தானே, இன்னான்னு பாரு" என்பார்கள். நான் எந்தப் போனையும் திறந்து பார்த்ததில்லை. பெட்டிக்குள் போகும் பச்சை சர்க்யூட் அட்டைகளில் குறை இருக்கிறதா என்று ஒரு மெஷின் பார்க்கும். அந்த மெஷினை நான் பார்ப்பேன். இதை விளக்கினால், "அப்ப உனுக்கு இன்னாதான் வேலை?" என்று கேட்டுவிட்டு எழுந்து போவார்கள். உலகத்துக்கே சிக்னல் அனுப்புகிற எனக்கு வீட்டில் சிக்னல் கிடைப்பது தெருக்குழாய் ஓரத்தில் மட்டும்தான்.

அப்போது நான் ஆறு வருஷமாக ஒப்பந்தத் தொழிலாளி. நிரந்தரம் ஆனால் சம்பளம் கூடும், அது இருக்கட்டும். எனக்கு வேண்டியிருந்தது இரண்டு. ஒன்று, அம்மாவின் முழங்காலுக்கு ஆஸ்பத்திரி அட்டை. இன்னொன்று, கம்பெனி பஸ்ஸில் ஒரு சீட்டு. பஸ் எங்கள் சாலை முனையிலிருந்து காலியாகத்தான் கிளம்பும். நாங்களும் உட்காரலாம். ஆனால் செங்கல்பட்டில் நிரந்தரக்காரர்கள் ஏறினால் எழுந்து இடம் கொடுத்துவிட வேண்டும். ஆறு வருஷமாக நான் செங்கல்பட்டில் எழுந்து நின்றவள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் தலைமை அலுவலகத்திலிருந்து ஆடிட்டுக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. எங்கள் சூப்பர்வைசர் நெல்லைக்காரர். மனைவிக்கு அணுமின் நிலையத்தில் வேலை என்பதால் அணுபுரத்தில் குடியிருந்தார். "அணு உலை பக்கத்துல நிம்மதியா தூங்குதேன், இந்த ஆடிட்ட நெனச்சாத்தான் தூக்கம் வரல" என்பார். வருகிறவர்கள் முன்னால் பத்து வரியையும் நான் ஒப்பிக்க வேண்டும், உற்பத்தி லைன் குறையில்லாமல் ஓட வேண்டும், நடந்தால் நிரந்தரப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது என்று சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். லைனுக்குள் தூசு ஆகாது. பூ ஆகாது, விபூதி ஆகாது, குங்குமம் ஆகவே ஆகாது. அதனால் மெஷின்களைப் போட்டோ எடுத்து, லேமினேட் செய்து, வெளி வராந்தாவில் வரிசையாகச் சாய்த்துவைத்து, அந்தப் போட்டோக்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம். பொரி கடலை போட்டோவுக்குப் படைத்து நாங்கள் தின்போம். என் பக்கத்து மெஷின் தோழி வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள், பொட்டு வைக்காதவள். பொரிக்கு மட்டும் முதல் ஆளாக வந்துவிடுவாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஆறு வருஷம் எனக்குச் சோறு போட்ட மெஷின் உள்ளே மொட்டையாக நிற்கிறது, அதன் போட்டோ வெளியே மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது. ஷிப்டு முடிவில் மெஷினைத் திறந்து உள்கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. பூஜையன்றும் துடைத்தேன். குங்குமம்தானே கூடாது, ஸ்டிக்கர் பொட்டில் ஏது தூசு? நெற்றியிலிருந்ததை எடுத்தேன். மெரூன் நிறம், நடுவில் ஒரு வெள்ளைக் கல். வீட்டில் முகம் கழுவும்போது கண்ணாடியில் ஒட்டிவைக்கிற கை, இங்கேயும் கண்ணாடியைப் பார்த்ததும் ஓரமாக ஒட்டிவிட்டது. நிரந்தரம் ஆக்கிவிடு தாயே என்று கும்பிட்டு மூடினேன்.

அந்தக் கண்ணாடி வழியாகத்தான் கேமரா பார்க்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த ஓரம் வரைக்கும் பார்க்கும் என்பதுதான் தெரியாது.

விடுமுறை முடிந்து அவர்கள் வந்த அன்று காலையில் பத்து வரியும் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தேன். கைதட்டினார்கள். நான் அவர்களோடு நின்றதால், என் மெஷினைத் தோழி ஓடவிட்டாள். முதல் அட்டை, குறை. இரண்டாவது, குறை. பத்து அட்டைக்குப் பத்தும் குறை, எல்லாம் ஒரே இடத்தில். சூப்பர்வைசர் முகம் வெளிறிப்போனது. வந்தவர்களில் ஒரு பொறியாளர் அம்மா இருந்தார், நல்ல உயரம், சிரிக்கவே தெரியாத முகம். அவர் திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கினார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு மெரூன் வட்டம், நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளை.

அந்த அம்மா, இது எந்த உதிரிப்பாகம், எந்த சப்ளையர் என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டே போனார். அட்டைகள் மொத்தத்தையும் நிறுத்திவைக்க வேண்டியதுதான் என்றார். சூப்பர்வைசர் தோழியிடம் பாய்ந்தார். "உள்ள என்னத்தம்மா போட்ட?"

"சார், அது பொட்டு சார். நான் பொட்டே வெக்கிறதில்ல" என்றாள் அவள், அழுகையோடு.

லைனில் இருந்த எல்லோரும் மற்றவர் நெற்றியைப் பார்த்தார்கள். சுற்றி வந்த கண்கள் என்னிடம் வந்து நின்றன. அன்றைக்கும் நான் அதே பாக்கெட் பொட்டுதான் வைத்திருந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அவள் என்னால் அழுகிறாளே என்பது பொறுக்கவில்லை.

"நான்தான் சார்" என்றேன்.

பொறியாளர் அம்மா திட்டவில்லை. இது எதனால் ஆனது, பசை ஒட்டுமா, திரும்ப எத்தனை தடவை ஒட்டலாம் என்று சூப்பர்வைசர் மூலமாக விசாரித்துக் குறித்துக்கொண்டார். மாலையில் அவர்களை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போனார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே செங்கல்பட்டு வரை அழுதேன். அப்புறம் இடம் கிடைத்தது, உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் அந்த அம்மா ஒரு பையோடு வந்தார். கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கிற கடைகளில் கிடைத்த பொட்டு பாக்கெட் அத்தனையும் வாங்கியிருந்தார். ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறார், பாவம் என்று நினைத்தேன். அவர் என்னை மெஷின் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றாக ஒட்டச் சொன்னார். கடுகு சைஸ், நாமம் மாதிரி நீட்டம், பாம்பு மாதிரி வளைவு, கல்யாணப் பெண்ணுக்கு வைப்பது. சாயங்காலம் வரை ஒட்டினேன், எடுத்தேன், ஒட்டினேன். மெஷின் எல்லாவற்றையும் பார்த்துப் படித்துக்கொண்டது. இந்தக் குறைக்கு என்ன பெயர் போடலாம் என்று என்னிடம் கேட்டார். நானே தட்டினேன், ஆங்கில எழுத்தில், பொட்டு. உலகத்தில் எங்கள் கம்பெனி வைத்திருக்கும் அந்த வகை மெஷின் ஒவ்வொன்றுக்கும் இன்றைக்குப் பொட்டு தெரியும்.

போகும்போது அவர் ஏதோ படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். புதிய குறை ஒன்றைக் கண்டறிய உதவியவர் என்று அதில் என் பணியாளர் எண் இருந்ததாம். எச்சரிக்கைக் கடிதம் ஒரு கோப்பில், பாராட்டு இன்னொரு கோப்பில். இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படி என்று அலுவலகத்தில் மாதக்கணக்கில் மேலும் கீழும் எழுதிக்கொண்டார்கள். பெரிய கம்பெனிகளில் மேலே இருக்கும் கையெழுத்துதான் ஜெயிக்கும் போலிருக்கிறது. பங்குனியில் எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. அதே வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு புது விதியும் வந்தது. லைனுக்குள் ஸ்டிக்கர் பொட்டும் கூடாது.

அடுத்த மாதம், நிரந்தரமான முதல் நாள், என் சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். செங்கல்பட்டு வந்ததும் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டேன். அங்கே ஏறிய தோழி என் தோளைப் பிடித்து அழுத்தினாள். "குந்துடி, நீ இப்ப பர்மனெண்ட்" என்றாள். அவள் இன்னும் ஒப்பந்தம்தான். என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறைமலைநகர் நெருங்கியதும் பஸ்ஸில் இருந்த பெண்களின் கைகள் ஒன்றாக நெற்றிக்குப் போயின. பொட்டை எடுத்து, மாலையில் திரும்ப வைத்துக்கொள்ள ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார்கள். என் கண்ணாடியில் ஏற்கெனவே, மாலையில் எடுக்க மறந்தவையாக, வெளியே எதுவும் தெரியாத அளவுக்குப் பொட்டு.

"எவளோ மெஷினுக்கு பொட்டு வெச்சாளாம், எங்க வண்டி கண்ணாடி பூரா மாரியாத்தா கோயிலாட்டம் ஆயி கீது!" என்று டிரைவர் கத்தினார். "யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்கம்மா, அவளயே வந்து சொரண்ட சொல்றேன்!"

நான் குனிந்துகொண்டேன்.

"எனுக்கு தெரியும்ணா" என்றாள் தோழி. "ஆனா அவ இப்ப பர்மனெண்ட் ஆயிட்டா. சொரண்ட மாட்டா."

பஸ் சிரித்தது. எனக்குச் சுரீர் என்றது. எழுந்து, அவளை இழுத்து என் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, நகத்தால் கண்ணாடியைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

"அடியே, இன்னா பண்ணிகினுகீற?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு அக்கா அலறினாள். "அது என்னுதுடி! சாய்ங்காலம் நா இன்னாத்த வெச்சினு வூட்டுக்கு போவேன்?"