சித்தப்பாவின் பெயர் வைத்த திடல்

எங்கள் தெருவுக்குப் பின்னால், கும்மிடிப்பூண்டி ரயில் பாதைக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே, ஒரு பொட்டல் இருந்தது. எருமை மேயும், நாங்கள் ஆடுவோம். அதற்கு மேல் அதனால் யாருக்கும் பயனில்லை, அதற்கென்று ஒரு பெயரும் இல்லை. பங்களாதேஷ் சண்டை முடிந்த மறு வருஷம் அதற்கு என் சித்தப்பாவின் பெயரை வைத்தார்கள்.

சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார். ஒரு லீவில் வந்து கல்யாணம் பண்ணிக்கொண்டார். இன்னொரு லீவில் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தந்திதான் வந்தது. உடலை அங்கேயே எரித்துவிட்டதாகப் பின்னால் வந்த கடிதத்தில் எழுதியிருந்தது.

சித்திக்கு ஊர் திருப்பாச்சூர். அப்போது இருபது வயதுகூட ஆகியிருக்காது. தாலியைக் கழற்றி வாங்கும் சடங்குக்கு உறவுக்காரப் பெண்கள் வந்து கூடிய அன்று அவள் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

"நான் கண்ணால பாக்கலயே. பாக்காம எப்படி?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

அப்பா கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "உடுங்க, அது இஷ்டம்" என்று எல்லாரையும் அனுப்பிவிட்டார். அதனால் சித்தி பொட்டும் தாலியுமாகவே இருந்தாள். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அப்பா காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பெயர் வைத்த அன்று பஞ்சாயத்துத் தலைவர் மாலை போட்டார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடினார்கள், எல்லாருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கிடைத்தது. நீலப் பலகையில் வெள்ளை எழுத்து: 'இராணுவ வீரர் தணிகாசலம் நினைவு விளையாட்டுத் திடல்.' சித்தி தலைவலி என்று வரவில்லை.

அவ்வளவு நீளப் பெயர் எங்கள் வாயில் எப்படி நிற்கும்? ஒரே வாரத்தில் தேய்ந்து வெறும் தணிகாசலம் ஆகிவிட்டது. "தணிகாசலத்துல தண்ணி நின்னுகினு கீதுடா." "தணிகாசலத்துல எருமை பூந்துடுச்சு." முதல் தடவை பக்கத்து வீட்டுப் பையன் எங்கள் வாசலில் நின்று, "தணிகாசலம் போலாமா?" என்று கத்தியபோது, அரிசி களைந்துகொண்டிருந்த சித்தி ஈரக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். அவனைப் பார்த்தாள். திரும்பிப் போய் மறுபடியும் அரிசியைக் களைந்தாள். அம்மா அவனைத் திட்டி அனுப்பினாள். ஆனால் ஒரு தெருவையே தினமும் திட்டிக்கொண்டிருக்க முடியுமா? நாளடைவில் எல்லாருக்கும் பழகிவிட்டது.

சித்தி மட்டும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் நம்பிக்கை. ரேஷன் கடையில் அப்பா பெயரைக் கேட்டால் அம்மாவும் என்னைத்தான் இடிப்பாள், நான் சொல்வேன். சித்திக்கும் நான்தான் வாய். திடலுக்கு என்னைத் தேடி ஆளனுப்பினாலும், "பசங்க ஆடற எடம் கீதே, அங்க" என்றுதான் சொல்வாள்.

எனக்கு எட்டு வயது. ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன்: "சித்தப்பாதான் செத்துட்டாரே, இப்ப சொன்னா இன்னா கொறஞ்சிடும்?"

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்த காலம் அது. ஒரு நாள் லாரி வந்து திடலில் செங்கல்லைக் கொட்டியது. மறுநாள் கம்பி வந்தது. அப்புறம் தார் பீப்பாய்கள், அவற்றைக் காவல் காக்க ஒரு ஆள், அவனுக்கு ஒரு கொட்டகை. நாங்கள் ரோட்டோரத்துக்கு ஆடப் போனோம். அங்கே என் தம்பி பந்தைத் துரத்திக்கொண்டு லாரிக்கு முன்னால் ஓடி, மயிரிழையில் தப்பினான். அப்பா தலைவரிடம் போய்ச் சொன்னார். "ரெண்டு மாசம் பொறுத்துக்க நைனா" என்றார் தலைவர். நாலு மாசம் ஆயிற்று.

ஒரு நாள் காலையில் சித்தி நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, "வாடி, தாலுக்கா ஆபீசு வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்று என்னைக் கூப்பிட்டாள். எதற்கு என்னைக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு வாயே திறப்பதில்லை என்று போகிற வழியிலேயே முடிவு செய்துகொண்டேன். கோபமெல்லாம் இல்லை. அவள் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆபீசில் கண்ணாடி போட்ட கிளார்க் ஒருவர் இருந்தார். மனு எழுதித் தருவதாகச் சொல்லிக் காகிதத்தை எடுத்தார்.

"செங்கல்லு கொட்டிக்கீறாங்க. பசங்க ரோட்ல ஆடுதுங்க. எடுக்கச் சொல்லணும்" என்றாள் சித்தி.

"எந்த எடம்மா?"

சித்தி என்னை இடித்தாள். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். மறுபடியும் இடித்தாள். "சொல்லேன்டி" என்று கிள்ளினாள். வலித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"பேரு சொன்னாத்தானே எழுத முடியும்?" என்றார் கிளார்க்.

சித்தி கீழே பார்த்துக்கொண்டு, "தணிகாசலம்" என்றாள்.

ஏதாவது ஆகிவிடும் என்று மேலும் கீழும் பார்த்தேன். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறி அது பாட்டுக்குச் சுற்றியது.

"அப்படி மொட்டையா எழுதக் கூடாதும்மா. போர்டுல இன்னா போட்டுக்குதோ அத அப்படியே சொல்லுங்க. இல்லாங்காட்டி எந்தத் தணிகாசலம்னு கேப்பாங்க."

"ராணுவ வீரர் தணிகாசலம்..." இந்தத் தடவை பெயரைத் தெளிவாகவே சொன்னாள். அதற்கு மேல் வரவில்லை. கிளார்க் அதுவரை எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். சித்தி வாயைத் திறந்தாள். மூடினாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

அந்தப் பலகை எனக்கு மனப்பாடம். வகுப்பில் செய்யுள் ஒப்பிக்கும்போது நடுவில் மறந்துபோய் நிற்கிற பிள்ளையைப் பார்த்தால் பாவமாக இருக்குமே, அப்படி இருந்தது. அதுவரை வாய் திறக்காமல் நின்ற நான் சத்தமாக எடுத்துக் கொடுத்தேன்:

"நினைவு!"

கிளார்க் 'நினைவு' என்று எழுதினார். சித்தி திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"ஆமா" என்றாள். "நினைவு. நினைவு விளையாட்டுத் திடல்."

"நீங்க அவருக்கு இன்னா வேணும்?"

"சம்சாரம்."

கிளார்க் நிமிர்ந்து அவள் பொட்டைப் பார்த்தார். பிறகு காகிதத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட இடம் காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடினேன். "சித்தி பேரு சொல்லிட்டாங்கம்மா! நடுவுல மறந்துட்டாங்க, நான்தான் எடுத்துக் குடுத்தேன்." மாவு சலித்துக்கொண்டிருந்த அம்மா, என்ன நடந்தது என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் சல்லடையை வைத்துவிட்டு சித்தியின் அறைக்குள் போனாள். வெகுநேரம் வரவில்லை.

அடுத்த வாரம் உறவுக்காரப் பெண்கள் மறுபடியும் வந்தார்கள். இந்தத் தடவை சித்தி கதவைத் தாழிடவில்லை. பிள்ளைகளை யாரும் உள்ளே விடவில்லை. எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அதற்குள் செங்கல்லில் பாதியை எடுத்துவிட்டிருந்தார்கள், ஓடியாட இடம் கிடைத்திருந்தது.

அவ்வளவு பெரிய ஆபீசில் சரியான சமயத்தில் எடுத்துக் கொடுத்தும் ஒருவரும் என்னைப் பாராட்டவில்லையே என்று எனக்குக் குறை. சித்திக்கு ஒரு வார்த்தை மறந்துபோயிற்று என்றேதான் வெகுநாள் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.