சண்டைக்கு ஆளில்லாத பூஞ்சை

ஆய்வகத்தில் அவருக்கு ‘ஸ்பிரிட்’ என்று பட்டப்பெயர். கதவுப் பிடியைத் தொட்டாலும் கையில் ஸ்பிரிட் தேய்த்துக்கொள்வார். வீட்டில் ஒண்டிக்கட்டை, ஒரு தட்டு, ஒரு தம்ளர். முன்பு அக்காவோடு இருந்தார். கண்ணில் பட்டாலே திட்டும் அக்கா. “உன் தொணதொணப்பு தாங்கல, எனக்கு நிம்மதி வேணும்” என்று ஒருநாள் இவர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நிம்மதி கிடைத்தது. பேசத்தான் ஆளில்லை.

அவர் வளர்த்தது ஒரு பூஞ்சை. மண்ணில் கண்டெடுத்தபோது சுற்றியிருந்த பாக்டீரியாவை எல்லாம் கொன்று தீர்த்த வீரன். குடுவையில் சத்துக் கரைசல் ஊற்றி வளர்த்தபோதோ வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி தின்று கொழுத்ததே தவிர, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து ஒரு சொட்டும் சுரக்கவில்லை.

“இந்தத் தடவையும் ஒண்ணும் வரலைன்னா அவிச்சுக் கொட்டிடலாம் சார்” என்று ஆய்வகத் தலைவி சொல்லிவிட்டார். ஸ்பிரிட்டுக்கோ அதைக் கொட்ட மனசில்லை. தினமும் அவர் வாய்விட்டுப் பேசிய ஒரே உயிர் அதுதான்.

கடைசி முறை பூஞ்சையை இட்ட அன்று அக்காவின் பிறந்தநாள். போனில் கூப்பிடலாமா, வேண்டாமா என்ற யோசனையில் ஒரு குடுவையின் வாயைக் கிருமி சாகத் தீயில் காட்ட மறந்துபோனார். சில நாளில் அது கலங்கி நாறியது, பாக்டீரியா புகுந்துவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். கொட்டப் போனவரைத் தலைவி தடுத்தார்.

“எதுக்கும் பாத்துட்டுக் கொட்டுங்க.”

எல்லாக் குடுவைகளையும் வடிகட்டி, பாக்டீரியா தடவிய தட்டில் சொட்டுச் சொட்டாக வைத்தார். மறுநாள் பார்த்தால், சுத்தமான குடுவைகளின் சொட்டுகள் ஒன்றும் செய்திருக்கவில்லை. கெட்டுப்போன குடுவையின் சொட்டைச் சுற்றி மட்டும் பாக்டீரியா செத்து, தெளிந்த வட்டம்.

“சண்டைக்கு ஆள் இருந்தாத்தானே சார் அது ஆயுதம் எடுக்கும்? நீங்க அதைத் தனியாவே வெச்சிருந்தீங்க” என்றார் தலைவி.

பூஞ்சை பிழைத்தது. எல்லோரும் கைகொடுத்தார்கள். தலைவியின் பேச்சு மட்டும் அவர் நெஞ்சில் தைத்து நின்றது.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டார். கொட்டித் தீர்ப்பாள், தீர்க்கட்டும். திட்டு வாங்க ஆசையாகவே இருந்தது.

“நான்தான்க்கா. பொறந்தநாளுக்குக் கூப்பிடல. கோவமா?”

“அதுல என்னப்பா இருக்கு. நல்லா இருக்கியா? வேலையெல்லாம் நல்லா போகுதா?”

“ம்.”

“சரி, வெச்சுடவா?”

“ஒரு வார்த்தை திட்டேன்க்கா” என்றார். அதற்குள் அவள் வைத்துவிட்டிருந்தாள்.